கழி திரும்பும் இடம்

இன்று காலை ஒரு லாரிக்காரனை அடிக்கப் போனேன். அடிக்கப் போனேன் என்று சொல்வது மரியாதைக்குத்தான். உண்மையில் சட்டையைப் பிடித்துவிட்டேன். இரண்டு பொத்தான்கள் தெறித்து விழுந்தன. மாணவர்கள் மாடியில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர்களுக்கு இயற்பியல் நடத்துகிற அம்மா ஒரு டிரைவரின் காலரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

கல்லூரியில் புதிதாக வகுப்பறைகள் கட்டுகிறார்கள். சாரத்துக்குச் சவுக்குக் கழி வந்திருந்தது. வழியெல்லாம் மழையில் நனைந்து வந்த கழி. அந்தப் பட்டை வாடை உனக்குத் தெரியும். துவர்ப்பும் புளிப்புமாக மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வகுப்பில் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன். சாக்பீஸை மேசையில் எறிந்துவிட்டு இறங்கி வந்தேன்.

லாரியின் பின்கதவைத் திறந்து கழிகளைச் சரியவிட்டு இறக்கிக்கொண்டிருந்தான். கீழே ஒரு சித்தாள் பெண் நின்றிருந்தாள். "யண்ணா, மேல வந்து வுழாதா?" என்று கேட்டாள். அவன் பீடியை எடுக்காமலே சொன்னான்: "நேராத்தான் வரும். ஒண்ணியும் ஆவாது. நில்லு."

அவ்வளவுதான். பாய்ந்து அவன் காலரைப் பிடித்தேன். அது என்னுடைய பேச்சு. ஒரு சொல்கூட மாறாமல் நான் உன்னைப் பார்த்துக் கத்திய பேச்சு. அனந்தபுரத்தில் உங்கள் தெருவை ஒட்டிய ஓடைப் பாலத்தில், போன கார்த்திகையில், நீ சாவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்.

அந்தப் பாவி டிரைவர் பதிலுக்கு என்னை அடிக்கவில்லை. "இன்னாம்மா, மெண்டலா நீ?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். பொத்தான்களைப் பொறுக்கி அவன் கையில் கொடுத்தேன். நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஒரு வருஷமாக ஏறாத அனந்தபுரம் பஸ்ஸில் ஏறினேன். போய் வந்த கதையைத்தான் உனக்கு எழுதுகிறேன். கன்னம் இன்னும் எரிகிறது. அதையும் சொல்கிறேன்.

உனக்கு நினைவிருக்கிறதா, நம் சண்டை எந்த நாளில் தொடங்கியது என்று? முதல் நாளிலேயே. ஆராய்ச்சிக்கு என்ன பொருளை எடுப்பது என்று நான் வெளிநாட்டுப் பட்டியல் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். நீ செஞ்சி மண்டியிலிருந்து ஒரு கோணிப்பை நிறைய மல்லாட்டை ஓடுகளை, வேர்க்கடலை உரித்த கூடுகளை, அள்ளி வந்து என் காலடியில் கொட்டினாய். "இத்த வச்சிப் பண்ணுடி. ஊர்ல குப்பையா கெடக்குது. ஒனக்கு சீமையிலேர்ந்து வந்தாத்தான் சயின்ஸா?" ஆய்வுக்கூடம் முழுக்கத் தூசி. நான் தும்மித் தும்மி உன்னைத் திட்டினேன். கடைசியில் அந்தக் குப்பையைத்தான் மூன்று வருஷம் காய்ச்சினோம்.

ஓட்டை அரைத்து, காரத்தில் வேகவைத்து, வெளுக்கவைத்து, அமிலத்தில் போட்டுக் கரைத்து, கழுவிக் கழுவிக் கை வெந்துபோன பிறகு கிடைக்குமே, கலங்கின இளநீர் மாதிரி ஒரு தண்ணீர். அதற்குள்தான் நம் குச்சிகள் இருந்தன. கண்ணுக்கும் தெரியாது, கல்லூரியில் இருக்கும் நுண்ணோக்கிக்கும் தெரியாது. ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரக்கணக்கில் அடுக்கலாம். ஆனால் அத்தனையும் குச்சி. உருண்டை இல்லை, தூள் இல்லை. நீளமான, விறைப்பான குச்சிகள். வெளியூர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படத்தில் அதை முதலில் பார்த்தபோது நீ மேசையைத் தட்டிச் சிரித்தாய். "அட, எங்க நைனா வெட்டற சவுக்குக் கழி!"

உன் நைனா ஊர் ஊராகப் போய்ச் சவுக்குத் தோப்பு வெட்டியவர். அவருக்கு முந்தின ஆட்களும் மற்றவர்கள் நிலத்தில் மரம் வெட்டியவர்கள்தான். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. லாரியில் கழி அடுக்குவதைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவள் நீ. அதனாலோ என்னவோ, நான் சமன்பாட்டை எழுதி முடிப்பதற்குள் உனக்கு விஷயம் புரிந்துவிடும். எனக்கு அது ஆத்திரமாக இருக்கும்.

பாகுத்தன்மையை அளந்தபோதும் அப்படித்தான். அசையாமல் வைத்தால் கெட்டியாக நிற்கிற அந்தத் தண்ணீர், வேகமாகச் சுழற்றினால் சட்டென்று இளகி ஓடியது. கருவியில் எண் இறங்கிக்கொண்டே போனது. நான் கருவி கெட்டுவிட்டது என்றேன். நீ என் தலையில் ஒரு தட்டு தட்டினாய். "சும்மா கெடந்தா ஒண்ணு கெழக்கப் பாக்கும், ஒண்ணு மேக்கப் பாக்கும். ஒண்ணோட ஒண்ணு இடிச்சிக்கினு கெடக்கும். ஓட ஆரம்பிச்சா எல்லாம் ஓட்டத்துக்கு நீளவாக்குல படுத்துடும். அப்புறம் இடிக்க இன்னா இருக்குது? வழுக்கிக்கினு போவும். அமாவாசைக்கு மலையனூர் கோயிலு பஸ்ல ஏறிப் பாரு, பையக் குறுக்கப் புடிச்சிக்கினு ஒருத்தி நின்னாப் போதும், ஒருத்தரும் உள்ள போவ முடியாது." இதைத்தான் நான் பிறகு இருபது பக்கத்தில் எழுதினேன்.

அமில விபத்தை மறந்திருக்க மாட்டாய். தப்பு என்னுடையது. கைப்பழக்கத்தில் அமிலக் குடுவைக்குள்ளேயே தண்ணீரை ஊற்றிவிட்டேன். அது சீறியது. நீ என்னை ஒரு தள்ளு தள்ளினாய். நான் போய்ச் சுவரில் மோதி முழங்கை பிளந்து ரத்தம். "அறிவிருக்காடி எருமை, இப்படியா தள்ளுவே?" என்று கத்தினேன். அப்புறம்தான் உன் கையைப் பார்த்தேன். நான் நின்ற இடத்தில் நீ நின்றுகொண்டிருந்தாய். முன்கை முழுக்கத் தோல் சுருங்கிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்து கையை நீட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய்: "மொதல்ல தண்ணி, அப்புறம் ஆசிட்டு. எழுதி நெத்தியில ஒட்டிக்க." அந்தத் தழும்பை நீ ஒருநாளும் மறைத்துக்கொண்டதில்லை. நான் எரிச்சல்படுத்தும்போதெல்லாம் கையை நீட்டிக் காட்டுவாய்.

இப்போது அந்த மஞ்சள் நிறத்துக்கு வருகிறேன். இத்தனை நாள் உனக்கு எழுதாமல் தள்ளிப்போட்டதே அதனால்தான்.

குச்சிகள் படுப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே பிசினால் ஒரு சின்னக் கால்வாய் செய்தாய். அகலமாகத் தொடங்கி, நடுவில் கழுத்து மாதிரி குறுகி, மறுபடி அகலமாக விரியும். உடைந்த கால்குலேட்டர்களின் திரையிலிருந்து உரித்த, ஒரு திசை ஒளியை மட்டும் விடும் பிளாஸ்டிக் தாளை மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்தாய். பரிசுப் பொட்டலம் சுற்றுகிற கண்ணாடித் தாள் ஒன்றையும் இடையில் செருகினாய். ஓட்டத்தோடு படுத்த குச்சி நீலமாகத் தெரியும், குறுக்கே கிடந்தால் மஞ்சளாகத் தெரியும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாய். செலவே இல்லாத அந்தக் கருவியை வைத்துக்கொண்டு நீ ஆடிய ஆட்டம்!

நம் குச்சித் தண்ணீரைச் சிரிஞ்சியில் ஏற்றி அழுத்தினாய். கழுத்துப் பகுதி நீலமாக எரிந்தது. இருவரும் கத்தினோம். நான் உன்னைக் கட்டிப்பிடித்தேன். நீ என்னை விலக்கிவிட்டு மறுபடி குனிந்தாய்.

"ஏய், இங்க பாரு. வெளிய வர்ற எடத்துல."

கழுத்தைத் தாண்டிக் கால்வாய் விரிகிற இடத்தில் விசிறி மாதிரி மஞ்சள்.

"குறுக்கத் திரும்புதுடி. குறுகற எடத்துல நேராப் படுக்குது, விரியற எடத்துல குறுக்கத் திரும்புது."

"காத்துக் குமிழ்," என்றேன்.

"குமிழா? குமிழு இவ்ளோ நேரம் நிக்குமா?"

"அப்போ பிசின் கசிஞ்சிருக்கும்."

"இன்னொரு தபா பண்றேன் பாரு." மறுபடி செய்தாய். மறுபடி மஞ்சள். அதைப் படம் எடுத்து வைத்தாய்.

எனக்கு அந்த மஞ்சள் வேண்டாம். அதுதான் உண்மை. உதவிப் பேராசிரியர் வேலைக்கு நேர்காணல் வரப்போகிறது. அதற்குள் கட்டுரை வெளியானால் எனக்கு நல்லது. ஓட்டம் வந்தால் குச்சிகள் நேராகும், நேரானால் தண்ணீர் இளகும். கதை அழகாக முடிந்துவிட்டது. இந்த மஞ்சளைச் சேர்த்தால் இன்னும் ஆறு மாதம் வேலை. வேலை கிடைக்காதோ என்ற பயத்தில் நான் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டேன்.

நீ விடவில்லை. "படத்த முழுசாப் போடு" என்றாய். நான் முடியாது என்றேன். "பொய் எழுதப் போறியா?" என்றாய். நான் அந்தக் கண்ணாடிச் சில்லை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்தேன். நீ மூன்று நாள் உட்கார்ந்து செய்தது. தூள் தூளானது. நீ பளார் என்று என்னை அறைந்தாய். நான் உன் பின்னலைப் பிடித்து இழுத்தேன். மேசை மேலிருந்த குடுவைகள் உருண்டன. படித்த பெண்கள் இரண்டு பேர், குழாயடியில் கூட யாரும் இப்படி அடித்துக்கொள்ள மாட்டார்கள். மூச்சு வாங்கி இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம். ஜன்னலுக்கு வெளியே கோட்டை மலையில் யாரோ பள்ளிப் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

அவிழ்ந்த பின்னலை முடிந்துகொண்டே நீ சொன்னாய்: "சரி வுடு. எழுதறது நீ. நீ சொல்றதுதான்."

மஞ்சள் தெரியாதபடி படத்தைக் கழுத்தோடு வெட்டினேன். கட்டுரை வந்தது. எனக்கு வேலையும் வந்தது.

அப்புறம் மழை வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. உன் வீட்டுக்கு வந்தவள் பஸ் இல்லாமல் அங்கேயே தங்கிவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் தெருவில் அலறல் கேட்டு எழுந்தோம். ஓடைக்கு மேலே கரையில் எவனோ விற்பனைக்கு அடுக்கி வைத்திருந்த சவுக்குக் கழிகள் அத்தனையும் வெள்ளத்தில் வந்து, பாலத்தின் அடியில் தண்ணீர் போகும் ஒற்றைக் கண்ணை அடைத்துவிட்டன. ஓடை முழுவதும் திரும்பி உங்கள் தெருவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. நாம் வாசலுக்கு வந்தபோது முழங்கால். செருப்பைத் தேடுவதற்குள் தொடை. எதிர்வீட்டு அக்கா குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "எங்க மாமியாரு உள்ள இருக்குது, நடக்க முடியாதே" என்று கதறினாள். ஏரிக்கரை உடைந்ததால் தீயணைப்பு வண்டி வழியிலேயே நின்றுவிட்டது என்றார்கள்.

பாலத்தின் மேல் ஆறேழு ஆண்கள் கடப்பாரையால் கழிகளைக் குத்தித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். குத்தக் குத்த அது இன்னும் இறுகியது. நீ கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாய். உன் குரல் மழையையும் மீறிக் கேட்டது.

"நிறுத்துங்க! குத்தாதீங்க! அடச்சிக்கினு இருக்கறது எல்லாக் கழியும் இல்ல. குறுக்க நிக்கறது ரெண்டு மூணுதான். அத்த மட்டும் வெட்டுங்க. ஓட்டம் வந்துட்டா மீதி தானா நேரா படுத்துக்கும்."

"நீ போம்மா அந்தாண்ட" என்றான் ஒருத்தன். நீ அவன் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கி ஓடையில் எறிந்தாய். மற்றவர்கள் கடப்பாரைகளைக் கீழே வைத்தார்கள்.

நாம் படித்தது கண்ணுக்குத் தெரியாத குச்சி. இது இரண்டு ஆள் தூக்குகிற மரம். நம் குச்சியைத் தண்ணீரின் மூலக்கூறுகளே இடித்து இடித்துக் குலைத்துப்போடும், இதை எதுவும் குலைக்காது. இரண்டும் ஒன்று என்று நான் வகுப்பில் சொன்னால் மாணவர்களே சிரிப்பார்கள். ஆனாலும் நீ சொன்னது நடந்தது. நைனாவைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். அவர் குறுக்கே கிடந்த கழிகளைப் பார்த்துப் பார்த்துக் கோடாலியால் வெட்டினார். மூன்றாவது கழி முறிந்தபோது பாலமே அதிர்ந்தது. அடைத்துக் கிடந்த மொத்தமும் ஒரு குலுக்குக் குலுங்கி, நீளவாக்கில் திரும்பி, ஒவ்வொன்றாகப் பாலக் கண்ணுக்குள் பாயத் தொடங்கியது. ஜனங்கள் கத்திய கத்தல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் வெளியே வருகிற கழிகளைக் கொக்கி போட்டுக் கரைப்பக்கம் திருப்பிவிட ஒரு ஆள் வேண்டும். இல்லாவிட்டால் கொஞ்சம் தள்ளி இருக்கும் தரைப்பாலத்தில் மாட்டி மறுபடி அடைக்கும். மேலே ஏறி வந்த நைனாதான் அதற்கும் இறங்கினார். பாலத்தின் வெளிவாயை ஒட்டின பக்கச் சுவரில் கொக்கிக் கழியோடு நின்றார். நீ இறங்கிப் போய் அவர் காதில் ஏதோ சொன்னாய். அவர் தலையை ஆட்டி மறுத்தார். நீ அவர் கையிலிருந்து கொக்கியைப் பிடுங்கினாய். கயிற்றை உன் இடுப்பில் கட்டிக்கொண்டாய். அவர் மேலே வந்துவிட்டார்.

அங்கிருந்து நீ என்னைப் பார்த்துக் கத்தினாய். "ஏய் புரொபசரு! கழி வெளிய வந்தா இன்னா ஆவும்? சொல்லு!"

நான் உள்வாய்ப் பக்கம் குனிந்து கழிகள் நுழைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்பக்கம் என்ன நடக்கிறது என்று திரும்பிப் பார்க்கவே இல்லை. "நேராத்தான் வரும்! ஒண்ணியும் ஆவாது! நில்லு!" என்றேன்.

நீ சிரித்தாய். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

நாலைந்து கழிகளைத் திருப்பிவிட்டிருப்பாய். அப்புறம் ஒரு தடித்த கழி வந்தது. உள்ளே அம்பு மாதிரி நுழைந்ததை நானே பார்த்தேன். வெளியே தண்ணீர் விரிகிற இடத்தில் அது குறுக்கே திரும்பியதைப் பாலத்தின் அந்தப் பக்கம் நின்றவர்கள்தான் பார்த்தார்கள். அதன் அடிப்பக்கம் பக்கச் சுவரைப் பெருக்கித் தள்ளியது. நீ சுவரில் நின்றிருந்தாய். எலும்பு முறிந்த சத்தம் அத்தனை வெள்ளத்திலும் கேட்டது. கயிறு அறுபடவில்லை. நைனாதான் இழுத்தார். உன் நெஞ்சு ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. வாயில் ரத்தமும் சேறும். தழும்பு இருந்த கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அது சில்லென்று இருந்தது.

தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது. எதிர்வீட்டு மாமியாரை உயிரோடு தூக்கி வந்தார்கள்.

காரியம் முடிந்த மறுவாரம் நான் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு ஒரு புதுக் கால்வாய் செய்தேன். பிசின் கசியாமல், குமிழ் இல்லாமல், உன்னைவிட நான்கு மடங்கு நேரம் எடுத்து. சிரிஞ்சியை அழுத்தினேன். கழுத்தில் நீலம். விரிகிற இடத்தில் மஞ்சள். நான் நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். கால் உடைந்த அந்த நாற்காலி இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அதைப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் திரிந்தேன். உன் வீட்டுக்குப் போகவில்லை. நைனா மூன்று முறை போன் செய்தார், எடுக்கவில்லை. கொன்றவள் எந்த முகத்தோடு போய் அங்கே காபி குடிப்பாள்?

இன்றைக்குப் போனேன். வீட்டுக்குப் பக்கத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கோடாலியை நிறுத்தவில்லை. "இன்னாம்மா, வழி தெரிஞ்சுதா?" என்றார். இன்னொரு கட்டையை நிமிர்த்தி வைத்துப் பிளந்தார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போனைக் காட்டினேன். இது நீலம் நைனா, இங்கே குச்சி நேராக இருக்கிறது. இது மஞ்சள், இங்கே குறுக்கே திரும்புகிறது. இதை அவள் முதலிலேயே கண்டுபிடித்தாள். நான்தான் குமிழ் என்று சொல்லி மறைத்தேன். அன்றைக்குக் கேட்டாள், நேராக வரும் என்று சொன்னேன். நான் சொன்னதை நம்பித்தான் அங்கே நின்றாள்.

கோடாலியைக் கட்டையில் ஓங்கிச் செருகினார். என் மணிக்கட்டைப் பிடித்தார். மரம் வெட்டின கை, விரல்கள் எலும்பு வரை இறங்கின. அடுத்த நொடி அறைந்தார். நான் விறகு மேல் போய் விழுந்தேன்.

"எந்திரி" என்றார். எழுந்தேன்.

"இது அவ செத்ததுக்கு இல்ல. ஒரு வருஷமா இந்த வாசல்ல கால் வைக்கல பாரு, அதுக்கு."

அவர் மூச்சு ஆறவில்லை. கீழே உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொல்லவில்லை, நானே உட்கார்ந்தேன்.

"ஒன்ன நம்பி நின்னான்னா சொல்ற? அவளா? ஒன் பேச்ச அவ என்னிக்குக் கேட்டா?" என்றார். "அன்னிக்கு எங்காதுல இன்னா சொன்னா தெரியுமா? 'நைனா, வெளிய வர்ற எடத்துல கழி குறுக்கத் திரும்பும். நான் கண்ணால பாத்தவ. நீ மேல போ'ன்னா. அப்போ நீன்னு கேட்டேன். 'எனக்கு எங்க திரும்பும்னு தெரியும், ஒனக்குத் தெரியாது'ன்னு கொக்கியப் புடுங்கிட்டா. நானும் ஏறிட்டேன். பெத்த பொண்ணு போன்னா, போயிட்டேன்."

"அப்போ என்கிட்ட ஏன் கேட்டா?" என்றேன்.

"வம்புக்கு இழுத்தா. வேறென்ன? ஒன் வாயால ஒத்துக்க வைக்கணும்னு பாத்தா. சிரிச்சாளே, கேக்கலியா?"

அடிப்பாவி! தெரிந்தேதான் நின்றாயா? ஒரு வருஷமாக நான் கொலைகாரி என்று என்னையே அறுத்துக்கொண்டிருந்தேன். உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அப்பனைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நின்றிருக்கிறாய். அன்றைக்கு என்னைத் தள்ளிவிட்டு அமிலத்துக்குக் கையைக் கொடுத்த மாதிரியே. உனக்கு யாருடி சொன்னது, எல்லோர் இடத்திலும் நீ போய் நிற்க வேண்டும் என்று? எதிரில் இருந்திருந்தால் உன்னை நானே அடித்துக் கொன்றிருப்பேன். நைனா பார்க்கிறார் என்று கூடப் பார்க்காமல் விறகுக் கட்டைகளை எடுத்து எடுத்துச் சுவரில் எறிந்தேன். அவர் தடுக்கவில்லை. கை ஓய்ந்த பிறகு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

நான் தப்பித்துவிட்டேன் என்று நினைக்காதே. படத்தை முழுசாகப் போட்டு, அந்த ஆறு மாதமும் வேலை செய்திருந்தால், விரிகிற வாயில் குச்சி எங்கே திரும்பத் தொடங்கும், எங்கே முடிக்கும் என்று அளந்திருப்போம். நீ இரண்டே இரண்டு தடவை பார்த்ததை வைத்துக்கொண்டு, எனக்குத் தெரியும் என்று போய் நின்றாய். மூன்றாவது தடவை பார்க்கவிடாமல் சில்லை உடைத்தவள் நான்.

கிளம்பும்போது நைனா போனைத் திரும்பக் கேட்டு வாங்கினார். கண்ணுக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தார். நகம் தேய்ந்த விரலால் அந்த மஞ்சளின் ஓரத்தைத் தொட்டார். தொட்டதும் படம் பெரிதானது, பயந்து விரலை எடுத்தார்.

"இந்த மஞ்ச எது வரிக்கும் போவும்?"

"அளக்கல நைனா."

"எங்க நின்னுருந்தா பொழச்சிருப்பா?"

அளந்து வந்து சொல்கிறேன் என்றேன். சீக்கிரம் வா என்றார்.

வெட்டின படத்தை முழுசாகப் போட்டு, திருத்தம் ஒன்று எழுதிக் கட்டுரை வெளியான இதழுக்கு அனுப்பிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மஞ்சளை முதலில் பார்த்தவள் நீ என்றும், அதை மறைத்தவள் நான் என்றும் எழுதியிருக்கிறேன். அவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். நாளைக் காலையில் புதுக் கால்வாய் செய்யப்போகிறேன். மல்லாட்டை ஓடு கூட ஒரு மூட்டை வந்துவிட்டது. கன்னத்தில் நைனாவின் ஐந்து விரலும் தடித்துக் கிடக்கின்றன. இன்னொரு கன்னத்தில் உன்னுடையது, எத்தனை நாள் ஆனாலும் எனக்குத் தெரிகிறது.

பாலத்துக்கடியிலிருந்து ஒன்று கேட்டாய், கழி வெளியே வந்தால் என்ன ஆகும் என்று. இப்போது திரும்பிப் பார்த்துச் சொல்கிறேன். குறுக்கே திரும்பும்டி. நீ பார்த்தது சரி, நான்தான் தப்பு. அங்கே நிற்காதே. கொக்கியைப் போட்டுவிட்டு மேலே ஏறி வா.